செவலையின் அட்டையில் இரண்டு கட்டம்

1

படிவம் நிரப்புவது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்தான். ஆனால் முப்பத்தைந்து வருஷமாக இந்த மலேசியாவில் நான் நிரப்பாத படிவம் கிடையாது. கடை உரிமம், வேலையாள் அனுமதி, சுகாதாரச் சான்று எல்லாமே மலாய் மொழியில்தான். காலேஜ் படித்த பையன்கள்கூட, "அங்கிள், இங்க என்ன எழுதறது?" என்று என் கல்லாவுக்கு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். ஈப்போவில் எனக்கு இரண்டு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதில் ஒன்று, நான் தட்டு கழுவ வந்து சேர்ந்த அதே கடை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன வாரம் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் படிவத்தை மகள் கவிதா அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். காலை ரொட்டிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு தே, அதாவது டீ, போடச் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். பேர், பிறந்த ஊர், மனைவி பேர் எல்லாம் மளமளவென்று போயிற்று. அடுத்த கட்டத்தில் 'அனாக்' எத்தனை என்று கேட்டிருந்தது. அனாக் என்றால் மலாயில் பிள்ளை. இத்தனை வருஷமும் யோசிக்காமல் இரண்டு என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனவன் நான். அன்றைக்குப் பேனா அங்கேயே நின்றுவிட்டது. தே ஆறி ஆடை கட்டியது.

ஏன் நின்றது என்று சொல்ல வேண்டுமானால், போன மாதம் அடி அண்ணாமலையில் என் வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரு நாய்க்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். வழக்கமாக ஊர்க்காரர்களுக்கு நான் எழுதுகிற குறிப்புகளை என் மனைவி அஞ்சலை படித்து ஒற்றெழுத்துகளைத் திருத்துவாள். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள். இதை அவளிடம் கொடுக்கவில்லை. பிழை இருந்தால் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் நடந்தவர்களுக்கு என் வீடு தெரிந்திருக்கும். முகப்பெல்லாம் கிரானைட், மாடியில் மலையைப் பார்த்த பால்கனி. வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டித்தான் கிடக்கும். அந்தப் பதினோரு மாதமும் அதில் உண்மையில் குடியிருந்தது செவலை என்கிற தெரு நாய். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பூ கட்டி விற்கும் குப்பு, தன் மதியச் சோற்றில் மிச்சத்தைப் போட்டு அதை வளர்த்திருக்கிறாள். நாங்கள் போய் இறங்கினால் செவலை ஒரு முறை வாலை ஆட்டிவிட்டு, விருந்தாளிக்கு இடம் விடுகிற மாதிரி வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடும்.

இறங்கியதும் நான் செய்கிற முதல் வேலை, குப்புவிடம் இரண்டு முழம் மல்லி வாங்கி அஞ்சலை கையில் கொடுப்பது. ஒரு வருஷம் தப்பியது கிடையாது. அவள் வாங்கி சாமி படங்களுக்குப் போட்டுவிடுவாள். தலைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொள்வாள். மல்லி வாசனை அவளுக்குத் தலைவலி போலிருக்கிறது என்று நானாக ஒரு முடிவு செய்து வைத்திருந்தேன். வாங்கிக் கொடுப்பது என் கடமை, வைப்பது அவள் இஷ்டம்.

இந்தத் தடவை போன நாலாம் நாள் காலையில் செவலை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குட்டி போட்டிருந்தது. ஒரே ஒரு குட்டி. அம்மா நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. உடனே ஈப்போவுக்கு வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். கவிதாவின் மகள் மீராவுக்கு ஆறு வயது. தமிழ் காதில் விழும், வாயில் வராது. "அனாக் அஞ்சிங்!" என்று குதித்தாள். மலாயில் நாய்க்குட்டியை நாயின் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். மனுஷனுக்கும் அனாக், நாய்க்கும் அனாக். நம் மொழியில் குழந்தை, குட்டி, கன்று, குஞ்சு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை இருக்கிறது. அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

இந்த அஞ்சிங் என்கிற வார்த்தையால் நான் பட்டதும் உண்டு. அஞ்சலை மலேசியா வந்த புதிதில் கடையிலிருந்து வீட்டுக்கு ஃபோன் போட்டு, "அஞ்சு, அஞ்சு" என்று கத்துவேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மலாய்க்காரர்கள் தலை நிமிர்ந்து சிரிப்பார்கள். பொண்டாட்டியை நாய் என்று கூப்பிடுகிறான் என்று பேச்சு பரவி, கடைசியில் சமையல்காரன் ஒருத்தன் வந்து விளக்கினான். அதற்கப்புறம் முழுப் பேரைத்தான் கூப்பிடுகிறேன்.

அந்தக் குட்டிக்கு மீரா ஃபோனிலேயே பேர் வைத்துவிட்டாள். கோக்கோ. பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

பிள்ளை பெற்றவளுக்கு எப்படிச் சமைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டவுனுக்குப் போய்ச் சுறா வாங்கி வந்தேன். அவித்து, முள் எடுத்து, உதிர்த்து, உப்பும் காரமும் போடாமல் புட்டு செய்தேன். கூடவே பால், முட்டை. ஈப்போவில் என் மீன்தலைக் கறிக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கையால் தொட்டிக்கு அடியில் வைத்தேன். செவலை தட்டை நக்கிப் பளபளவென்று ஆக்கிவிட்டது.

குப்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "இன்னாண்ணா, நாய்க்குச் சுறாப்புட்டா? நானும் நாலு பெத்தேன். ஒருத்தனும் ஒரு நெத்திலி வாங்கியாரல."

நான் சிரித்தேன். அஞ்சலை சமையலறை வாசலில் நின்று புட்டுச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மூன்று நாளும், மூன்று வேளையும் செய்தேன். பால் நன்றாக ஊறியது. ஒரு குட்டிக்கு ஆறு குட்டியின் பால். அதைக் கவிதாவிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

3

நாலாம் நாள் காலையில் குட்டி விறைத்துக் கிடந்தது.

ஏன் என்று தெரியவில்லை. மழை இல்லை, எறும்பு இல்லை, எதுவும் கடித்த அடையாளமும் இல்லை. செவலை அதை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு வாயில் கவ்வி வெயில் விழும் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்து நக்கியது. வெயில் நகர்ந்தால் குட்டியையும் நகர்த்தி வைத்தது. நான் கிட்டே போனால் உறுமவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குட்டியை மூக்கால் என் பக்கம் தள்ளியது. நீதானே மூன்று நாளாக எல்லாம் செய்தாய், இதையும் செய் என்கிற மாதிரி. அறுபது பேர் பசியோடு நின்றாலும் அரை மணியில் சமாளிக்கிறவன் நான். அங்கே கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் செவலை தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அஞ்சலை குட்டியைப் பழைய துண்டில் சுற்றினாள். கொய்யா மரத்தடியில் நான் தோண்டினேன். மண்ணைத் தள்ளி மூடும்போது அவள், "இதாவது பேரோட போச்சு" என்றாள். மீரா பேர் வைத்ததைச் சொல்கிறாள் என்று நினைத்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து தொந்தரவு பால்தான். குடிக்கக் குட்டி இல்லை. செவலையின் அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது. படுத்தால் வலி, நின்றாலும் வலி. நாலு காலையும் அகட்டி நின்று முனகியது. எனக்கு இதெல்லாம் அத்துப்படி என்று நினைத்தேன். நாங்கள் மாடு வைத்திருந்த குடும்பம். கன்று செத்துப்போனால் மாட்டின் பாலைக் கறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். விளக்கெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு உட்கார்ந்து, செவலைக்கு இரண்டு விரலால் கறந்து விட்டேன். கொஞ்சம் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டது. நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தது, தெம்பு வேண்டுமே என்று அன்றைக்கும் சுறாப்புட்டு வைத்தேன்.

மறுநாள் இரண்டு மடங்கு கட்டியிருந்தது. மறுபடி கறந்தேன். மறுபடி ஊறியது.

கவிதா ஃபோனில் கேட்டுவிட்டுப் பதறினாள். "அப்பா, நீங்க எடுக்க எடுக்க அது ஜாஸ்தி வரும் லா. பிள்ளை குடிக்குதுன்னு பாடி நினைச்சுக்கும். சாப்பாடும் கம்மி பண்ணணும். நான் இப்ப படிச்சேன்." நான் அவளிடம், மாட்டைப் படத்தில்தானே பார்த்திருக்கிறாய், எனக்கு நீ பால் பாடம் எடுக்காதே என்றேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள். என் பிள்ளைகளோடு என் சண்டைகள் எல்லாம் இப்படித்தான் முடியும். அவர்களுக்குத் தமிழ் தீர்ந்துபோகும், எனக்குப் பொறுமை தீர்ந்துபோகும். மகன் பிரபு ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அவனோடு சண்டையும் இல்லை. வாரத்துக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான்.

அதற்கு அடுத்த நாள் காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. உடம்பு கொதித்தது. மடியில் ஒரு பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டதும் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

4

ஜாபர் பாய் என்னோடு ஐந்தாவது வரைக்கும் படித்தவர். அவர் ஆறாவதும் படித்தார், அதை இன்னும் சொல்லிக்காட்டுவார். ஆட்டோ ஓட்டுகிறார். சாக்கு விரித்து செவலையைப் பின்சீட்டில் அஞ்சலையின் மடியோரம் கிடத்தினோம். உங்களுக்கு வண்டியைக் கழுவுகிற வேலை வைக்கிறோமே என்றேன். "மலேசியா மொதலாளி ஏறினாலும் கழுவத்தான் போறேன், குந்து" என்றார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடு, கோழி, கன்றுக்குட்டி என்று கூட்டம். சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். நாய் பேர் சொன்னேன். சொந்தக்காரர் பேர் கேட்டாள். தெரு நாய் என்றேன். அப்போது யார் பேரைப் போடுவது என்றாள். என் பேரைச் சொன்னேன். விலாசம் கேட்டாள். பழக்க தோஷத்தில் ஈப்போ விலாசத்தைச் சொல்லிவிட்டேன். பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பின்னால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "நாய் ப்ளேன்ல வந்துச்சா சார்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அடி அண்ணாமலை என்று எழுதிக்கொண்டாள்.

"குட்டி போட்டது எத்தனை?"

"ஒண்ணு" என்றேன்.

"இருக்கிறது?"

இதற்கு ஒரு வார்த்தைதான் பதில். நான் குனிந்து செவலையின் சாக்கைச் சரி செய்தேன். அஞ்சலைதான், "இல்லீங்க" என்றாள். அந்தப் பெண் ஒரு கட்டத்தில் ஒன்று என்றும் பக்கத்துக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடும் போட்டு அட்டையை நீட்டினாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். செவலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யார் கறந்தது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. கறக்கக் கறக்க ஊறும், சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும், மடியில் ஈரத்துணி போட்டுக் குளிர வைக்க வேண்டும், இனிமேல் ஒரு சொட்டுகூடக் கறக்கக்கூடாது என்றார். கவிதா சொன்னது அப்படியே. ஊசி போட்டு, ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார். குட்டி ஏன் செத்தது என்று கேட்டேன். சில சமயம் காரணம் தெரியாது என்றார். செவலை பிழைக்குமா என்றேன். சீழ் பிடித்தால் கஷ்டம், ரெண்டு நாள் பார்க்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது அஞ்சலை அந்த அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். "நாய்க்குக்கூட ரெண்டு கட்டம் வச்சிருக்காங்க" என்றாள்.

"இன்னா கட்டம்க்கா, ஜாதகமா?" என்றார் ஜாபர் பாய்.

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

5

வீட்டுக்கு வந்ததும் செவலையைப் பின்பக்கம் படுக்க வைத்தோம். அஞ்சலை நேராகக் கேட்டுக்குப் போனாள். "குப்பு, மல்லி நாலு முழம் குடு. நெருக்கமா தொடுத்தது." பிறகு பெட்டியில் இருந்த ஒரு பழைய நூல் சேலையை எடுத்து நீளவாக்கில் கிழித்தாள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். செவலையின் மடியில் பூவை வரிசையாக வைத்து, மேலே ஈரத்துணியை வைத்து, வயிற்றைச் சுற்றி முதுகில் முடிச்சுப் போட ஆரம்பித்தாள். என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிய செவலை அவளுக்கு அசையாமல் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா அஞ்சலை, நாய்க்கு வளைகாப்பா?" என்றேன்.

கூடவே வந்திருந்த குப்பு என்னை முறைத்தாள். "சிரிக்காதீங்கண்ணா. பால் வத்தறதுக்கு மல்லிப்பூ வச்சுக் கட்டுவாங்க. புள்ள தங்காத பொம்பளைங்களுக்கு."

அது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆண்கள் இருக்கிற இடத்தில் யாரும் பேசுகிற விஷயம் இல்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று அஞ்சலையைக் கேட்டேன்.

முடிச்சை இறுக்கிக்கொண்டே, "எனக்குக் கட்டினாங்க" என்றாள்.

"எப்போ?"

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவள் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். கோபம் இல்லை. தேதி கேட்டவனுக்குத் தேதி சொல்கிற மாதிரி சொன்னாள். "உங்க லெட்டர் வந்தன்னிக்கு."

முப்பத்தைந்து வருஷமாக நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். நான் முதல் தடவை மலேசியா கிளம்பியபோது அஞ்சலைக்கு ஏழு மாதம். பஸ் ஏறும்போது எல்லோர் எதிரிலும் சத்தமாகச் சொன்னேன்: பிள்ளைக்குப் பேர் நான்தான் வைப்பேன், எழுதி அனுப்புகிறேன், அதுவரைக்கும் வேறு யாரும் வைக்கக் கூடாது. பெண் குழந்தை பிறந்தது என்று கடைக்கு ஃபோன் வந்தது. கடை பூராவும் மிட்டாய் கொடுத்தேன். அன்றைக்கே ஒரு லெட்டர் எழுதினேன். அஞ்சலை நன்றாகச் சாப்பிட வேண்டும், பால் ஊறச் சுறாப்புட்டு செய்து போடுங்கள், பேரை அடுத்த லெட்டரில் எழுதுகிறேன். நாலைந்து பேர் மனதில் இருந்தது. சாதாரணப் பேராக இருக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை ஒன்பதாம் நாள் போய்விட்டது. என் லெட்டர் பன்னிரண்டாம் நாள் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாரில் மல்லிப்பூவைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவளுக்கு, பால் ஊறப் புட்டுச் சாப்பிடச் சொல்லி நான் எழுதியதை யாரோ உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

எனக்குத் தகவல் வந்தபோது பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. வேலை அனுமதி அவர் பேரில். கேட்டுப் பார்த்தேன், ரெண்டு வருஷம் முடியட்டும் என்றார். தட்டுக் கழுவும் தொட்டிக்குத் திரும்பிப் போனேன். ரெண்டரை வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது யாரும் அதைப் பேசவில்லை. நானும் அஞ்சலையிடம் கேட்டது, சாப்பிட்டாயா என்பது மட்டும்தான். அன்றைக்கும் வாசலிலேயே அவள் கையில் இரண்டு முழம் மல்லி கொடுத்தேன்.

அதிலிருந்து வருஷா வருஷம் கொடுத்திருக்கிறேன்.

6

மறுநாள் பௌர்ணமி. வெயில் தாழ்ந்ததுமே பாதை பூராவும் தலையாக இருந்தது. செவலை புழுக்கம் தாங்காமல் பின்பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வந்து கேட்டுக்கு வெளியே குப்புவின் பூக்கூடை ஓரமாகப் படுத்துக்கொண்டது. வயிற்றில் ஈரச் சேலைத்துணி, ஓரங்களில் மல்லிச் சரம் தொங்குகிறது. நடந்து வந்த ஒரு அம்மா நின்றாள். "பைரவர்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார்கள். ஒருத்தர் செவ்வாழைப் பழம் வைத்தார்.

நான் ஓடிப்போய், அய்யா, இது பைரவர் இல்லை, குட்டி செத்துப்போன நாய், சாப்பிடக் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். யார் கேட்கிறார்கள்? "பூ போட்டுக் கட்டிட்டு இல்லைங்கிறியே" என்றார் ஒரு பெரியவர். ரெண்டு கடையில் இருபத்தாறு பேரை வேலை வாங்குகிறவன், அந்தக் கும்பலில் பிஸ்கட்டைப் பொறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு கல்லூரிப் பெண் குனிந்து செவலையிடம் தன் வீட்டு வேண்டுதலையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். செவலை எல்லோரையும் முகர்ந்து பார்த்தது. ஒவ்வொரு கையையும் முகர்ந்துவிட்டு, தேடியது இது இல்லை என்று தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

கடைசியில் அஞ்சலை வந்தாள். செவலையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்து அதன் மேல் போட்டு மூடினாள். ஜனங்கள் தானாக விலகி நடந்தார்கள்.

7

பூ காரணமா, ஊசி காரணமா, புட்டை நான் நிறுத்தியது காரணமா, எனக்குத் தெரியாது. தினமும் இரண்டு வேளை அஞ்சலை பூ மாற்றினாள். நாலாம் நாள் மடி தளர்ந்தது. சீழ் வைக்கவில்லை. காய்ச்சல் இறங்கியது. இதை நான் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் பால் வற்றிய பிறகு செவலை தேட ஆரம்பித்தது. தொட்டிக்கு அடியில் போய் முகரும். கொய்யா மரத்தடிக்கு வரும். தோண்டாது, நிற்கும். பிறகு ஒரு நாள் வாசலில் கழற்றி விட்டிருந்த என் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு தொட்டிக்கு அடியில் போனது. குனிந்து பார்த்தேன். அதைச் சுற்றி வளைந்து படுத்து நக்கிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனால் மூக்கால் செருப்பைத் தன் வயிற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டது. கிரிவலப் பாதையில் புண்ணியத்துக்காகச் செருப்பில்லாமல் நடப்பார்கள். மிச்சமிருந்த நாளெல்லாம் நான் வெறுங்காலோடு நடந்தது இதனால்தான். கடையில் புதுச் செருப்பு வாங்கலாம். ஏனோ வாங்கவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பும் நாள் வந்தது. செவலையைக் கூடக் கொண்டுவர முடியுமா என்று கவிதாவைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அனுமதி, தடுப்பூசிச் சான்று, தனிமைப்படுத்தும் கொட்டடி என்று ஒரு நீளப் பட்டியல் அனுப்பினாள். அத்தனையும் முடித்தாலும், செருப்புக்கு இடமில்லாத கூண்டில் அதை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. குப்பு பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கார் கிளம்பும்போது செவலை வாலை ஆட்டவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அது தொட்டிக்கு அடியில் வேலையாக இருந்தது.

இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. விடியற்காலையில் கடை திறந்து, மாவு அடித்து, ரொட்டி வீசி, பத்து மணிக்குக் கை ஓய்ந்ததும் குப்புவுக்கு ஃபோன் போடுகிறேன். சாப்பிடுது என்பாள். செருப்பு? "இன்னும் வச்சிருக்குதுண்ணா. மழை வந்தா உள்ள இழுத்துக்கிது." அதற்கு மேல் இங்கிருந்து நான் என்ன கேட்பது?

8

படிவத்துக்கு வருகிறேன்.

அன்றைக்குப் பேனா நின்ற பிறகு படிவத்தை மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். நேற்று மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் மறுபடி எடுத்து விரித்தேன். அஞ்சலை சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "மூணுன்னு போடப் போறேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்" என்றேன்.

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து மெல்லப் படித்தாள். "இவங்க கேக்கிறது போட்டதா, இருக்கிறதா?"

"ஒரு கட்டந்தான் இருக்குது."

அவள் விரல் கீழே இறங்கியது. அங்கே வரிசையாகக் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர், பிறந்த நாள் என்று இருந்தது. "பேரு கேக்குதே" என்றாள்.

நான் பேனாவை மூடி வைத்தேன். பிறகு, முப்பத்தைந்து வருஷம் கழித்து, கேட்டேன். "அந்த ஒம்போது நாளும் நீ ஒண்ணுமே சொல்லிக் கூப்பிடலையா? உனக்குள்ளயாவது?"

"நீங்கதான் எழுதி அனுப்பறேன்னு சொன்னீங்களே" என்றாள். "தெனம் தபாலுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்."

அப்போது நாலு பேர் சாப்பிட வந்தார்கள். எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு என் மனதில் இருந்த அந்த நாலைந்து பேர்களை நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இன்றைக்கு ஒன்றை யோசித்து வைக்கலாம்தான். யாரைக் கூப்பிட?

நாளைக்குப் படிவத்தைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள். அனாக் என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதிவிட்டேன். கீழே முதல் கோட்டை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவது கோட்டிலிருந்து கவிதா, பிரபு என்று எழுதியிருக்கிறேன். கவுண்டரில் இருக்கிறவர் முதல் கோட்டில் விரலை வைத்து, இது ஏன் காலி என்று கேட்பார். எனக்கு நாலு பாஷை பேச வரும். எந்தப் பாஷையில் சொல்வது என்று தெரியவில்லை.